எல்.ரி.டி காசு குறைஞ்சு வந்தால், வராமல் விட்டால், திருப்பிக் கேட்டால்: எங்க பிழை எண்டு பிடிக்கிறது எப்பிடி

என்ர மனுசன் 2022 செப்டம்பரில முதுகு நோவோட வேலையை விட்டவர், பேந்து அந்த வெயர்ஹவுஸ் பக்கம் திரும்பிப் போகேலாமல் போச்சு. 2023 ஜனவரியில இருந்து வேலைத்தலத்து இன்சூரன்சில லோங் டேர்ம் டிசபிலிட்டி, அதுதான் எல்.ரி.டி, நெடுங்காலம் வேலை செய்யேலாத ஆக்களுக்குத் தாற மாசக் காசு, வருது. இந்தக் காலத்துக்குள்ள நாலு தரம் காசு பிழையா வந்திட்டுது, நாலு தரமும் நான்தான் ஃபோனும் கடிதமுமா நிண்டு சரி செய்தனான். வருத்தக்காரரை வீட்டில வைச்சுக்கொண்டு இந்தக் கணக்கோட மல்லுக்கட்டுறது எவ்வளவு களைப்பு எண்டு எனக்குத் தெரியும். அதால எந்த மாதிரிப் பிழைக்கு எங்க பாக்கவேணும் எண்டு எனக்குத் தெரிஞ்சதை எழுதுறன். இது கனடாவில, ஒன்ராறியோவில, வேலைத்தலம் மூலமா குறூப் இன்சூரன்ஸ் இருக்கிற ஆக்களுக்கு.

தேடத் தொடங்க முதல்

உங்கட பாலிசியை எடுங்கோ. வேலைக்குச் சேரேக்க தந்த பெனிஃபிட் புக்லெட் ஒரு சுருக்கம் மட்டும்தான், கணக்கு வழக்கு முழுக்க பாலிசியிலதான் கிடக்கும். இன்சூரன்ஸ் கொம்பனியிட்ட எழுத்தில "எனக்கு குறூப் பாலிசி கொப்பி வேணும்" எண்டு கேளுங்கோ, கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. வேலைத்தலத்தில ஆளணி விசயம் பாக்கிற எச்.ஆர் ஆக்கள் "புக்லெட் காணும்" எண்டு சொல்லுவினம், காணாது. அதோட கிளெய்ம் ஒத்துக்கொண்டு வந்த முதல் கடிதத்தையும் எடுங்கோ, அதிலதான் என்ன சம்பளத்தை வைச்சு என்ன வீதம் எண்டு போட்டிருப்பினம்.

பிறகு ஒரு கொப்பியிலயோ எக்செல்லிலயோ மாசம் மாசமா ஒரு கணக்கு எழுதத் தொடங்குங்கோ. எந்த மாசத்துக்கான காசு, எந்தத் தேதி வந்தது, வரி வெட்ட முதல் எவ்வளவு, என்ன என்ன கழிச்சினம், கையில எவ்வளவு. நான் முதல் அஞ்சு மாசம் இதைச் செய்யேல்ல, பாங்கில ஏதோ விழுது எண்டு விட்டிட்டன், அதால வந்த வினை கீழ சொல்லுறன்.

அடிப்படைக் கணக்கு பெரிய கஷ்டமில்ல. கன பாலிசியில சம்பளத்தின்ர 60 இல இருந்து 70 வீதம் தருவினம், எங்கடயில மூண்டில ரெண்டு பங்கு. மாசச் சம்பளம் 4,500 எண்டால் 3,000. அதில இருந்து சிபிபி டிசபிலிட்டி (கனடா பென்ஷன் திட்டத்தில வேலை செய்யேலாத ஆக்களுக்குத் தாற காசு) மாதிரி வேறை இடத்தால வாற காசைக் கழிப்பினம். பிறீமியத்தில ஒரு பங்காவது வேலை கொடுத்தவர் கட்டியிருந்தால் வாற காசுக்கு வரி உண்டு, முழுக்க நீங்களே சம்பளத்தில இருந்து கட்டினதெண்டால் வரி இல்ல. இந்த ஒண்டை எச்.ஆரிட்ட முதல் நாளே கேட்டு வைச்சிருங்கோ, பாதிக் குழப்பம் இதாலதான் வாறது.

இந்த மாசம் காசு வரவே இல்ல

உடன பயப்பிடாதேங்கோ, கனக்க நேரம் இது சின்னப் பிழைதான். எல்.ரி.டி மாச முடிவிலதான் தருவினம், அதாவது மார்ச்சில விழுறது மார்ச்சுக்கானது, முன்கூட்டித் தாறதில்ல. லோங் வீக்கெண்ட் வந்தால் ஒரு நாள் ரெண்டு நாள் முன்னப் பின்னப் போகும். பாங்க் கணக்கு மாத்தினனீங்களோ? பழைய கணக்கை, புதுசில முதல் காசு விழுந்ததைக் கண்ணால காணுமட்டும் மூடாதேங்கோ.

இதெல்லாம் இல்லையெண்டால் டொக்டர்தான். இன்சூரன்ஸ்காரர் இடைக்கிடை டொக்டருக்கு ஒரு ஃபோம் அனுப்புவினம், அது திரும்பி வராட்டில் காசை நிப்பாட்டி வைப்பினம். எங்களுக்கு ஒரு மாசம் இப்பிடித்தான் நிண்டது. டொக்டர் ஒஃபிசில "ஃபக்ஸ் பண்ணியாச்சு", கொம்பனியில "எங்களுக்கு வரேல்ல", ரெண்டு பேரும் உண்மையைத்தான் சொல்லினம், நடுவில பேப்பர் எங்கயோ போட்டுது. இப்ப நான் ஃபோமை டொக்டரிட்ட இருந்து கையில வாங்கி, ஃபோனில படம் எடுத்து, நானே கொம்பனியின்ர இணையப் போர்ட்டலில ஏத்திறன், பிறகு "கிடைச்சது எண்டு எழுத்தில சொல்லுங்கோ" எண்டு ஒரு மெசேஜ். அதுக்குப் பிறகு இந்தப் பிரச்சினை வரேல்ல. நிப்பாட்டின மாசத்துக் காசு ஃபோம் போனாப் பிறகு பின்னால சேந்து வரும், வராட்டில் கேளுங்கோ.

வருது, ஆனால் குறைஞ்சு வருது

முதல் மாசம் மட்டும் குறைவெண்டால் பெரும்பாலும் பிழையில்ல. வேலையை விட்டதில இருந்து எல்.ரி.டி தொடங்குமட்டும் உள்ள காத்திருப்புக் காலம் மாச நடுவில முடிஞ்சிருந்தால் மிச்ச நாளுக்குத்தான் தருவினம், கன இடத்தில நாளுக்கு முப்பதில ஒரு பங்கு. 22 நாள் எண்டால் 3,000 இல 2,200.

ஒவ்வொரு மாசமும் ஒரே அளவு குறைஞ்சால் சம்பளத்தைப் பாருங்கோ. எங்களுக்கு வந்த முதல் பிழை இதுதான். 3,000 இல இருந்து வரி வெட்டி வரவேணும், வந்தது அதை விடக் குறைவு, நான் வரி கூட வெட்டினம் போல எண்டு நினைச்சு இருந்திட்டன். அஞ்சாம் மாசம் ஸ்டேட்மென்ட்டை வடிவாப் பாத்தால் வரி வெட்ட முதலே 2,800 எண்டு கிடக்கு. எப்பிடி 2,800? திருப்பிக் கணக்குப் பாத்தால் 4,200 இன்ர மூண்டில ரெண்டு. மனுசனுக்கு வருத்தம் வர முந்தின கோடையில சம்பளம் 4,500 ஆக்கினவை, எச்.ஆர் இன்சூரன்சுக்குக் குடுத்தது பழைய சம்பளம். இதில இன்சூரன்ஸ்காரரோட கதைச்சுப் பிரயோசனமில்ல, அவை குடுத்த நம்பரை வைச்சுத்தான் கணக்குப் பாக்கினம். எச்.ஆருக்கு கடைசி ரெண்டு மூண்டு பே ஸ்டப்போட எழுதி, திருத்தின சம்பளத்தை நேர இன்சூரன்சுக்கு அனுப்பச் சொல்லி, அதின்ர கொப்பியையும் கேட்டு வாங்கினன். நிலுவை 1,000 டொலர் ஒண்டாச் சேந்து வந்தது.

ஓவர்டைம், போனஸ் இதுகள் சம்பளத்தில சேருமோ எண்டது பாலிசியில "ஏர்ணிங்ஸ்" எண்டதுக்கு என்ன விளக்கம் எழுதியிருக்கெண்டதில இருக்கு. கன பாலிசியில ஓவர்டைம் சேராது. வருசம் முழுக்க ஓவர்டைம் செய்து குடும்பம் நடத்தின ஆக்களுக்கு இது பெரிய அடி, ஆனால் பாலிசி அப்பிடிச் சொன்னால் அது பிழையில்ல, அதுக்குப் பின்னால அலைஞ்சு களைக்காதேங்கோ. அதோட எல்லா இடத்தாலயும் வாற மொத்தம் முந்தின சம்பளத்தில 85 வீதத்துக்கு மேல போகக்கூடாது எண்ட மாதிரி ஒரு உச்சவரம்பும் கன பாலிசியில கிடக்கும், அதையும் பாருங்கோ.

சிபிபி கிடைக்க முதலே சிபிபி எண்டு வெட்டினம்

இது கன பேருக்கு நடக்குது. நீங்க சிபிபி டிசபிலிட்டிக்கு விண்ணப்பிக்காட்டில், "உனக்குக் கிடைச்சிருக்கும்" எண்டு ஒரு மதிப்பீட்டை வைச்சு வெட்ட கன பாலிசியில இடம் இருக்கு. நிப்பாட்டுறதுக்கு வழி, விண்ணப்பிச்சு அந்த அத்தாட்சியை அனுப்புறது. "வந்தால் திருப்பித் தருவன்" எண்டு ஒரு ஒப்பந்தத்திலயும் கையெழுத்துக் கேப்பினம், வாசிச்சுப் போட்டுக் குடுங்கோ.

சிபிபியைப் பாக்கிற அரசாங்கப் பகுதியான சேர்விஸ் கனடா இல்லையெண்டு சொன்னால் அந்தக் கடிதத்தையும் உடன இன்சூரன்சுக்கு அனுப்புங்கோ, ஆனால் அதோட விடுவினம் எண்டு நினைக்காதேங்கோ, மேல கேள் எண்டு சொல்லுவினம். 90 நாளுக்குள்ள திரும்பப் பாக்கச் சொல்லி சேர்விஸ் கனடாவுக்கு எழுதவேணும், அதுவும் சரிவராட்டில் சோஷல் செக்யூரிட்டி ட்ரைபியூனல் எண்ட மேன்முறையீட்டு மன்றம், அதுக்கும் 90 நாள். இந்த நாளுகளைத் தவறவிட்டால் இன்சூரன்ஸ்காரர் "நீ முயற்சி செய்யேல்ல" எண்டு மதிப்பீட்டுக் கழிவைத் திரும்பத் தொடங்கலாம்.

"உங்களுக்குக் கூடத் தந்திட்டம், திருப்பித் தாங்கோ" எண்டு கடிதம்

இதுதான் எல்லாரும் நித்திரை இல்லாமல் போற இடம். 2023 ஒக்டோபரில மனுசனுக்கு சிபிபி கிடைச்சது, மாசம் 1,180. நோய் தொடங்கின மாசத்துக்குப் பிறகு வாற நாலாவது மாசம்தான் சிபிபி தொடங்கும், அவருக்கு செப்டம்பர் எண்டபடியா ஜனவரியில இருந்து, பத்து மாசத்துக் காசு ஒண்டா வந்தது. ரெண்டு பிள்ளையளுக்கும் தனித்தனிய மாசம் 281.72 உம் வந்தது. அடுத்த மாசம் இன்சூரன்ஸ் கடிதம்: 17,434.40 டொலர் 30 நாளுக்குள்ள கட்டு, இல்லாட்டில் வாற எல்.ரி.டியை முழுக்கப் பிடிப்பம்.

ஓவர்பேமென்ட், அதாவது கூடத் தந்த காசு, எண்ட விசயம் பொய்யில்ல எண்டதை முதல் விளங்கிக்கொள்ளுங்கோ. அந்தப் பத்து மாசமும் அவை சிபிபி கழிக்காமல் முழு 3,000 தந்தவை, சிபிபியும் வந்தால் அந்தளவு திருப்பிக் குடுக்கத்தான் வேணும். அதால சிபிபி பின்காசு விழுந்தால் தொடாமல் வேறை கணக்கில போட்டு வையுங்கோ, அதில கடன் அடைச்சிட்டு பிறகு தவிக்கிற சனத்தை நான் கண்டிருக்கிறன். கேள்வி, அவை கேக்கிற தொகை சரியோ எண்டதுதான்.

ஃபோனில "ஓம், கட்டுறன்" எண்டு சொல்லாதேங்கோ, "மாசம் மாசமாக் கணக்கு எழுத்தில தாங்கோ, பாலிசியில எந்தப் பிரிவெண்டும் சொல்லுங்கோ" எண்டது மட்டும் சொல்லுங்கோ. கணக்கு வந்தாப் பிறகு நான் பாக்கிறது இதுகள்:

பிள்ளையளின்ர காசு. 17,434.40 எப்பிடி வந்தது? 1,180 உம் ரெண்டு 281.72 உம் சேத்து பத்தால பெருக்கியிருக்கினம். ஆனால் எங்கட பாலிசியில கழிக்கிறது வருத்தக்காரருக்கு நேர வாற சிபிபி மட்டும் எண்டு எழுதிக் கிடந்தது, குடும்பத்துக்கு வாறது கழிக்கிறதில்ல. சில பாலிசியில குடும்பக் காசும் கழிப்பினம், அதால உங்கடயைப் பாக்காமல் சண்டைக்குப் போகாதேங்கோ. நான் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, ரெண்டு வரியில கடிதம் எழுதி அனுப்பினன். பிள்ளையளின்ர சிபிபி வரிக் கணக்கிலயும் பிள்ளையின்ர வருமானம், தகப்பன்ர இல்ல எண்டதையும் சேத்து எழுதினன். மூண்டு மாசம் இழுத்து, பெப்ரவரியில 11,800 எண்டு திருத்தி அனுப்பினவை. 5,634.40 வித்தியாசம்.

மாசங்கள். சிபிபி எந்த மாசத்தில இருந்து தந்ததெண்டு சேர்விஸ் கனடா கடிதத்தில இருக்கும், இன்சூரன்ஸ் கணக்கிலயும் அதே மாசத்தில தொடங்கவேணும். எல்.ரி.டி தொடங்க முந்தின மாசத்துக்கு சிபிபி வந்திருந்தால் அதை அவை கேக்கேலாது, அந்த மாசம் அவை உங்களுக்கு ஒண்டும் தரேல்லயே.

ரெண்டு தரம் எடுக்கிறது. விண்ணப்பிக்கேக்க "பின்காசை நேர இன்சூரன்சுக்கு அனுப்பு" எண்டு ஒரு சம்மத ஃபோமில கையெழுத்து வாங்கியிருப்பினம். அப்பிடியெண்டால் சேர்விஸ் கனடா அந்தக் காசைப் பிடிச்சு நேர அங்க அனுப்பியிருக்கும், உங்கட கடிதத்தில எவ்வளவு பிடிச்சதெண்டு இருக்கும். இன்சூரன்சில ஒரு பகுதிக்குக் காசு வர, மற்றப் பகுதி உங்களுக்குக் கடிதம் போடுறது நடக்கிற விசயம். அந்தக் கடிதத்தின்ர கொப்பி ஒண்டே காணும் இதை முடிக்க.

ஈஐ. எல்.ரி.டி பின்னால சேந்து வந்து அதே கிழமையளுக்கு ஈஐ (அரசாங்கத்தின்ர வேலையிழப்பு இன்சூரன்ஸ்) வருத்தக் காசும் எடுத்திருந்தால், அது ஈஐயில வருமானமா எண்ணுப்படும், அங்கால சேர்விஸ் கனடா தனியத் திருப்பிக் கேக்கும். ஒரே கிழமைக்கு ரெண்டு இடத்துக்கும் முழுசாக் கட்டாமல் ரெண்டு கணக்கையும் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ.

தொகை சரியெண்டால், ஒண்டாக் கட்ட வழியில்லாட்டில் தவணை கேளுங்கோ. மாசம் 150, 200 எண்டு பிடிக்கச் சொல்லி, வீட்டு வாடகை, மருந்து, சாப்பாட்டுச் செலவை ஒரு பேப்பரில எழுதி அனுப்புங்கோ. முழுக்கப் பிடிக்க பாலிசியில இடம் இருந்தாலும், எழுத்தில கேட்டால் இறங்கி வாறவை இருக்கினம்.

வரி விசயம் ஒண்டு. போன வருசத்துக் காசைத் திருப்பிக் கேக்கேக்க வரி வெட்ட முந்தின தொகையைக் கேப்பினம், நீங்க அதுக்கு ஏற்கனவே வரி கட்டியாச்சு. அப்பிடித் திருப்பிக் கட்டினதை கட்டின வருசத்து வரி ஃபைலில லைன் 22900 இல கழிக்கலாம். நாங்க 2024 இல கட்டினது, 2024 வரியில கழிச்சது. கட்டினதுக்கு கொம்பனியிட்ட இருந்து கடிதம் கட்டாயம் வாங்கி வையுங்கோ, வரி செய்யிற ஆளுக்கு இது தெரியாமலும் இருக்கலாம், நீங்க சொல்லுங்கோ.

ஒவ்வொரு ஜனவரியும் கொஞ்சம் குறையுது

இது சின்னப் பிழை, ஆனால் வருசக்கணக்கா ஓடும். சிபிபி விலைவாசிக்கேத்தபடி ஜனவரியில கூடும், 2024 ஜனவரியில 4.4 வீதம் கூடினது, மனுசன்ர 1,180 போய் 1,231.92 ஆச்சு. எல்.ரி.டியைப் பாத்தால் 51.92 குறைஞ்சு கிடக்கு. அரசாங்கம் விலைவாசிக்கெண்டு தந்ததை இன்சூரன்ஸ் எடுத்திட்டுது. கன பாலிசியில இப்பிடி எடுக்கக்கூடாதெண்டு இருக்கும், முதல் கழிச்ச சிபிபி தொகையோட நிக்கவேணும், பிறகு வாற விலைவாசிக் கூட்டலைக் கழிக்கேலாது. எங்கட பாலிசியிலயும் இருந்தது. ஒரு மெசேஜ் போட்டன், அடுத்த மாசமே திருத்தினவை, ஆனால் ஒருத்தரும் தாங்களாக் கவனிக்கேல்ல. ஜனவரி ஸ்டேட்மென்ட்டை டிசம்பரோட ஒப்பிட்டுப் பாக்கிறதைப் பழக்கமா வைச்சிருங்கோ.

இதோட குழம்புற இன்னொண்டு: வரி இல்லாத எல்.ரி.டி எடுக்கிற ஆக்களுக்கு சிபிபி வந்த உடன கையில வாற மொத்தம் குறைஞ்ச மாதிரி இருக்கும். ஏனெண்டால் சிபிபிக்கு வரி உண்டு, இன்சூரன்ஸ் கழிக்கிறது வரி வெட்ட முந்தின தொகை. மனசுக்குக் கஷ்டம்தான், ஆனால் பெரும்பாலான பாலிசி அப்பிடித்தான். சேர்விஸ் கனடாவிட்ட சொல்லி மாசம் மாசமா கொஞ்சம் வரி வெட்டச் சொன்னால் ஏப்ரலில ஒரேயடியா அடி விழாது.

ரி4ஏ பிழையா வந்திருக்கு

வரியுள்ள எல்.ரி.டிக்கு பெப்ரவரி முடிவுக்குள்ள ரி4ஏ எண்ட வருமானச் சீட்டு வரும், தொகை பெட்டி 107 இல இருக்கும். முழு பிறீமியமும் நீங்களே கட்டின ஆளுக்கு ரி4ஏ வந்தால் அது பிழை, எச்.ஆரிட்ட பிறீமியம் ஆர் கட்டினதெண்டு கடிதம் வாங்கி திருத்தின ரி4ஏ கேளுங்கோ. பகுதி நீங்களும் கட்டினதெண்டால், நீங்க கட்டின பங்கை வருமானத்தில இருந்து கழிக்க இடம் இருக்கு, அதுக்கும் எச்.ஆர் கடிதம் வேணும்.

தொகை பாங்கோட ஒத்துப்போகாட்டில் முதல் வரி வெட்ட முந்தின தொகையோட ஒப்பிடுங்கோ. பழைய வருசத்து நிலுவை ஒண்டா இந்த வருசம் வந்திருந்தால் ரி4ஏ வந்த வருசத்துக்குத்தான் வரும், அது பிழையில்ல, ஆனால் வரி ஏறும். முந்தின வருசங்களுக்கான தொகை 3,000 டொலரோ மேலயோ எண்டால் கொம்பனியிட்ட ரி1198 ஃபோம் நிரப்பித் தரச் சொல்லிக் கேளுங்கோ, வரித் திணைக்களம் பழைய வருசங்களுக்குப் பிரிச்சுக் கணக்குப் பாத்து உங்களுக்கு லாபமானதை எடுக்கும்.

கூட வந்திட்டுது

செலவழிக்காதேங்கோ, உடன எழுத்தில சொல்லுங்கோ. பகுதி நேர வேலை தொடங்கினாலும், வேலையில காயப்பட்டதுக்கு டபிள்யூஎஸ்ஐபி (ஒன்ராறியோ வேலைத்தல இன்சூரன்ஸ் சபை) காசு வந்தாலும் அதே மாதிரி. சொல்லாமல் விட்டால் காசு மட்டும் இல்ல, மறைச்சதெண்டு கிளெய்மையே நிப்பாட்டப் பாப்பினம்.

24 மாசத்தோட நிண்டுபோச்சு

இது கணக்குப் பிழையில்ல, தீர்மானம். முதல் ரெண்டு வருசம் "உன்ர வேலை செய்யேலுமோ" எண்டு பாப்பினம், அதுக்குப் பிறகு கன பாலிசியில "வேறை எந்தப் பொருத்தமான வேலையும் செய்யேலுமோ" எண்டு மாறும். இந்த மேல சொன்ன வழியள் இதுக்கு வேலை செய்யாது. உடன ஒரு வக்கீலைப் பாருங்கோ, முதல் கதைக்கிறதுக்குக் காசு எடுக்காத ஆக்கள் கன பேர் இருக்கினம்.

சொல்லியும் திருத்தினம் இல்ல

ஃபோனில கதைச்ச உடன அண்டைக்கே ஒரு மெசேஜ்: "இண்டைக்கு இத்தனை மணிக்கு இன்னாரோட கதைச்சன், இப்பிடிச் சொன்னவை." வருத்தக்காரருக்குப் பதிலா நீங்க கதைக்கிறதெண்டால் அவர் கையெழுத்து வைச்ச சம்மதம் முதல் குடுத்து வையுங்கோ, இல்லாட்டில் ஒரு சொல்லும் சொல்லமாட்டினம். இங்கிலீஷ் தடுமாறினால் தமிழில மொழிபெயர்க்க ஆள் தரச் சொல்லிக் கேளுங்கோ, பிள்ளையளைக் கதைக்க விடாதேங்கோ, இந்தக் கணக்கு அதுகளின்ர தலையில ஏத்திற பாரமில்ல.

கேஸ் மனேஜர் மறுத்தால் அவற்ற மேலதிகாரி, பிறகு கொம்பனியின்ர முறைப்பாட்டுப் பகுதி. அவையும் இல்லையெண்டால் "கடைசி நிலைப்பாட்டுக் கடிதம்" எண்டு கேட்டு வாங்குங்கோ, அது கையில இருந்தால் ஓஎல்எச்ஐ எண்ட ஆயுள், சுகாதார இன்சூரன்சுக்கான ஒம்பட்ஸ் சேவைக்குப் போகலாம், காசு இல்ல. யூனியன் இருக்கிற வேலைத்தலமெண்டால் யூனியனிட்ட முதலே கேளுங்கோ, கிரீவன்ஸ் எண்ட யூனியன் முறைப்பாட்டுக்குத் தாற நாள் நல்லாக் குறைவா இருக்கும். உங்கட ஃபைலின்ர கொப்பி வேணுமெண்டு எழுத்தில கேட்டால் தனியுரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள்ள பதில் தரவேணும், அதுக்குள்ள ஆர் என்ன எழுதி வைச்சிருக்கினம் எண்டு பாக்கலாம்.

கடைசியா நாள்காட்டி. ஒன்ராறியோவில வழக்குப் போட பொதுவா ரெண்டு வருசம்தான், அது பெரும்பாலும் கொம்பனி "இல்ல" எண்டு எழுதின நாளில இருந்து ஓடத் தொடங்கும். "அப்பீல் பண்ணுங்கோ, திரும்பப் பாக்கிறம்" எண்டு கொம்பனிக்குள்ளயே ஒண்டுக்கு மூண்டு தரம் இழுத்தாலும் அந்த ரெண்டு வருசம் உங்களுக்காகத் தானா நிக்காது. "இல்ல" எண்டு கடிதம் வந்த அண்டைக்கே அதின்ர மேல சிவப்புப் பேனையால தேதியைப் போட்டு, பதினெட்டாம் மாசத்தில வக்கீலைப் பாக்கவேணும் எண்டு ஃபோனில அலாம் வையுங்கோ.